சுடாத புகையிலை

மதுராந்தகத்தில் புகையிலை மண்டி வைத்திருந்தேன். ஓர் ஐப்பசி மழையில் என் மனைவி இறந்தாள். தினமும் அவள் கையால் சாப்பிட்ட கிடங்கு ஆள் முனுசாமி சாவுக்கு வரவில்லை. நன்றி கெட்டவன் என்று ஊர் முழுக்கத் திட்டினேன்.

காரியம் முடிந்து கிடங்குக்குப் போனேன். ஈரம் ஏறினால் புகையிலை அடுக்கு உள்ளுக்குள் புழுங்கிக் கொதிக்கும். உடனே பிரித்துப் புரட்டாவிட்டால் நடு இலையெல்லாம் கருகிப் பூஞ்சை பிடிக்கும். எல்லாம் போயிருக்கும் என்றுதான் அடுக்குக்குள் கையை விட்டேன். சுடவில்லை.

"சாவுக்கு ஏன்டா வரல?" என்று முனுசாமியிடம் கத்தினேன்.

"அன்னிக்கி கொதிச்சிகினு இருந்திச்சி, அண்ணாத்த. அக்காவத் தூக்க நாலு பேரு கீறாங்க. இத்தப் பொரட்ட யாரு கீறா?"

அந்தச் சரக்கை விற்றுத்தான் பிழைத்தேன். அவன் கடைசியாகப் பார்க்காமல் விட்ட அவள் முகத்தை எங்கே போய் வாங்கித் தருவேன்?