கன்னத்தில் ஒரு இழுப்பு

ராசிபுரம் தாண்டி டயர் பஞ்சராகி பஸ் நிற்கிறது. எதிரே புளியமரத்தடியில் ஒருவர் நாற்காலி போட்டுச் சவரம் செய்கிறார். நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவன். வழியெல்லாம் பழைய துருக்கிக் கவிதைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டு வருகிறேன். காதலுக்குரிய இளைஞனின் கன்னத்தில் முதல் பூனைமுடி அரும்பினால் அந்தக் கவிஞர்கள் நடுங்குகிறார்கள். ஏங்கியவர்களின் பெருமூச்சுப் புகை படிந்த கரியாம் அது. அழகுக்கு முடிவு வந்துவிட்டதாம். முடிக்கு இவ்வளவு பயமா என்று சிரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து, புழுக்கத்தில் அரிக்கும் தாடியை எடுக்கச் சொல்கிறேன்.

காதோரம் ஒரு இழுப்பு இழுத்த பிறகுதான் அவர் கேட்கிறார்.

"வேண்டுதல் தாடிங்களா?"

"இல்லைங்க. வீட்ல மாசமா இருக்காங்க. குழந்தை பிறக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க, வளர்த்தேன்."

"கொழந்த பொறந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லைங்க. சேலத்துல ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு காலையிலதான் ட்ரங்க் கால் வந்துச்சு."

கத்தி அந்தரத்தில் நிற்கிறது.

"என்னங்க சாமி இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க! மொதல்லயே சொல்லியிருந்தா கத்தியத் தொட்டிருக்க மாட்டனுங்க."

துண்டால் நுரையைத் துடைத்துவிடுகிறார். கீழே விழுந்த முடியை ஒன்றுவிடாமல் பொறுக்கி, காகிதத்தில் மடித்து என் கையில் வைக்கிறார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

பஸ் கிளம்புகிறது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. காகிதம் சட்டைப்பையில் இருக்கிறது. மழித்த இடத்தை உள்ளங்கையால் பொத்தியபடி, கையை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல், சேலத்தை நோக்கி உட்கார்ந்திருக்கிறேன்.