இரண்டு மணிப் பால்

என் மாமனார் கூடத்தின் நடுவில் மணை போட்டு உட்கார்ந்து, பால்புட்டியின் ரப்பர் காம்பு ஒன்றை உப்பு வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சந்தியாவந்தனம் முடித்திருந்தார். நெற்றியில் விபூதியின் ஈரம்கூடக் காயவில்லை. முப்பது வருஷம் கோர்ட்டில் ரிக்கார்டு கீப்பராக இருந்தவர். தான் குடித்த காபித் தம்ளரைத் தானே எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. அவர் அந்த ரப்பரைத் தேய்ப்பதும், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் அதன் துளையைப் பார்ப்பதும், திருப்தியில்லாமல் மறுபடி தேய்ப்பதுமாக இருந்தார். உள்ளறையில் ஜுரத்தோடு படுத்திருந்த எனக்கு, இது ஜுர வேகத்தில் தோன்றும் ஏதோ காட்சி என்றே முதலில் பட்டது.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவள் நான். தலைப்பிரசவத்துக்குப் போய் இருக்கப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. மாமியாரும் நான் மருமகளாக வருவதற்கு முன்பே போய்விட்டார். என் கணவருக்குப் பம்பாயில் வேலை; வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவில் வருவார். சமையலுக்கு வந்துகொண்டிருந்த மாமி பொழுது சாய்வதற்குள் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் மாமனாரும் நானும்தான்.

எங்கள் குடும்பத்தில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கமில்லை. அவர் தூணைப் பார்த்துப் பேசுவார். "தீப்பெட்டி எங்கேயாவது இருக்குமா?" என்று தூணைக் கேட்பார். நான் தீப்பெட்டியைத் தூணடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. அதில் எங்கள் இருவருக்கும் வருத்தம் ஒன்றுமில்லை. அதற்குப் பெயர் மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

குழந்தை வீட்டிலேயே பிறந்தாள். சாந்தோமிலிருந்து வந்த நர்ஸம்மாதான் பிரசவம் பார்த்தாள். இரண்டாவது வாரத்தில் என் மார்பில் கட்டி கிளம்பியது; நெருப்பாக ஜுரம் காய்ந்தது. ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறிச் சீழெடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். புண் ஆறுகிறவரை தாய்ப்பால் கூடாது, புட்டிப்பால்தான் என்று சொன்ன டாக்டரம்மா, செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பகலுக்குப் பசும்பால் காய்ச்சிக் கொடுக்கலாம், இரவுக்கு மட்டும் டின்னில் வரும் பால் பவுடர் நல்லது, கெட்டுப்போகாது என்பது அவள் யோசனை.

டின் பால் என்றதும் மாமனார் முகம் சுருங்கிவிட்டது. கடைப் பட்சணம் வாயில் வைக்காதவர். குழாய்த் தண்ணீரையே சந்தேகப்பட்டுக் கிணற்று நீரில் சமைக்கச் சொல்பவர். குழந்தை பிறந்ததிலிருந்து தூணை விட்டுவிட்டு அவளிடம் பேசத் தொடங்கியிருந்தார். "எந்த தேசத்து மாடோ, எவன் கறந்தானோ! உனக்கு அது வேண்டாம்டி அம்மா. நம்மாத்து வாசல்ல கறந்த பாலே போறும். உங்கம்மாகிட்டச் சொல்லிடு" என்றார். குழந்தை கொட்டாவி விட்டாள். அறைக்குள்ளிருந்து நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரவு வேளைப் பாலுக்கான பொறுப்பை அவரேதான் எடுத்துக்கொண்டார். வேறு யாரும் இல்லை என்பது ஒரு காரணம். சீட்டு ஒன்று எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது என்பது இன்னொரு காரணம். எழுத்தில் வந்த உத்தரவை நிறைவேற்றாமல் விடுவது அவர் சுபாவத்திலேயே கிடையாது. ஆனால் சீட்டில் எழுதாமல் விட்டது நிறைய இருந்தது. முதல் நாள் வந்து பார்த்த நர்ஸம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சாமி, கழுவின பாட்டிலைத் தரையில கவுத்து வச்சிக்கீறீங்க? ஈ மொய்க்கிற எடமாச்சே. வெந்நீர் ஊத்திக் கழுவினா பத்தாது. பாட்டில் தண்ணிக்குள்ளயே கெடந்து கொதிக்கணும்."

"எத்தனை நாழி?" என்று கேட்டார் மாமனார்.

"ஒரு சோறு வேவற நேரம்னு வச்சிக்குங்களேன்."

அவர் உள்ளே போய்ப் பென்சிலை எடுத்து வந்து சீட்டின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு தினம் சாயங்காலம் எங்கள் கூடத்தில் ஒரு யாகத்துக்கான ஆயத்தம் போல அந்த வேலை நடக்கும். எச்சில் பட்ட ரப்பர் சமையலறைக்குள் நுழையக் கூடாது என்பதால் கூடத்திலேயே ஒரு கும்மட்டி அடுப்பு. அதன் மேல் புதிதாக வாங்கிய ஒரு பாத்திரம். இரண்டு கண்ணாடிப் புட்டிகள்; படகு மாதிரி நீண்டு, இரு முனையிலும் வாய் உள்ளவை. ஒரு முனையில் குழந்தை சப்பும் காம்பு, மறு முனையில் காற்றுப் போக ஒரு ரப்பர் மூடி. கொதிக்கும்போது ஒன்றோடொன்று இடித்து உடையாமல் இருக்கப் பழைய வேஷ்டித் துண்டில் அவற்றைத் தனித்தனியாகச் சுற்றிப் போடுவார். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கூஜாவில். பால் காய்ச்சிய பாத்திரத்தை மண் தொட்டித் தண்ணீரில் இறக்கி, ஈரத் துணி போர்த்தி, காற்று வரும் ஜன்னலடியில் வைப்பார். மாட்டை வாசலுக்கு ஓட்டி வந்து கறக்கும் பால்காரருக்குப் பக்கத்திலேயே மாமனார் குனிந்து நின்று கவனிப்பார். "மடியையே பாத்துக்கினு நிக்காதீங்க சாமி, மாடு வெக்கப்படுது" என்று பால்காரர் சொன்னது எனக்கு உள்ளே கேட்டு, வலியிலும் சிரிப்பு வந்தது.

இரவு பத்து, இரண்டு, ஐந்து என்று மூன்று வேளை. இரண்டு மணிப் பால்தான் கடினம். அறை வாசலில் ஒரு இருமல் கேட்கும். தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு போய், நிலைப்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். கட்டுப் போட்ட நெஞ்சோடு படுத்திருக்கும் மருமகளுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்றுதான் அந்த முதுகு. புட்டியிலிருந்து ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்ப்பார். தாலாட்டு ஒன்றும் அவருக்குத் தெரியாது. பழைய வழக்குகள்தான் தெரியும். "ரெண்டு அண்ணா தம்பி. நடுவுல ஒரு கிணறு. அந்தக் கிணறு யாருக்குன்னு பதினோரு வருஷம் கேஸ் நடந்துது, கேட்டுக்கோ" என்று ஆரம்பிப்பார். குழந்தை சப்புகிற சத்தம் சீராகக் கேட்கும். வழக்கு பாதியில் இருக்கும்போதே அவள் தூங்கிவிடுவாள். கிணறு யாருக்குத் தீர்ப்பாயிற்று என்று தெரியாமல் நான் மட்டும் விழித்துக்கொண்டிருப்பேன்.

அறுபத்து மூவர் புறப்பாட்டன்று எல்லாம் தவறிப்போயிற்று. பால்காரர் உச்சி வேளையிலேயே மாட்டை ஓட்டி வந்துவிட்டார். "சாயங்காலம் மாடு உள்ள வராது சாமி, சனம் அப்படிக் கீது. இப்பவே கறந்துக்குங்க" என்றார். பங்குனி வெயில். நடுப்பகலில் காய்ச்சிய பால் ராத்திரி இரண்டு மணி வேளைக்குள் கெட்டுவிட்டிருக்கிறது. மாமனாருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. அந்த மூக்குக்குப் பாலின் வாடை தெரியவில்லை. விடிவதற்குள் குழந்தை நாலு தடவை வாந்தி எடுத்தாள். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. கண்கள் உள்ளே போய்விட்டன. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.

மாமனார் மேல்துண்டுகூடப் போடாமல் சாந்தோமுக்கு ஓடினார். நர்ஸம்மா வந்து, "இன்னிக்குப் பாலே காட்டக் கூடாது" என்று சொல்லி, கொதித்தாறிய தண்ணீரைக் கரண்டியில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து வந்தது. இரண்டு நாள் நாங்கள் யாரும் சாப்பிட்டதாக நினைவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழந்தை வீல் என்று அலறினாள். அத்தனை இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நர்ஸம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதாம் சாமி. பொழச்சிக்கிச்சு" என்றாள். மாமனார் கொல்லைப் பக்கம் போனார். கிணற்றடியில் பொடி டப்பியைக் கவிழ்த்துக் கொட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் மாம்பலத்திலிருந்து என் நாத்தனார் ஜட்காவில் வந்து இறங்கினாள். அவளுக்கு எட்டு மாசக் கைக்குழந்தை இருந்தது. என் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தன் பாலையே கொடுத்தாள். வயிறு நிறைந்து குழந்தை தூங்கியதும் கூடத்தில் அப்பாவிடம் சொன்னாள்: "நான் இவளை எங்காத்துக்கு எடுத்துண்டு போறேன் அப்பா. என்கிட்டப் பால் இருக்கு. இங்கே ஒரு ஆம்பளையும் ஒரு நோயாளியும் என்ன பண்ணுவேள்? ஆறு மாசம் ஆனப்புறம் கொண்டு விடறேன்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அவளுக்கு நல்ல மனசு. ஆனாலும் ஆறு மாசம் என்ற சொல் என் மேல் கல்லாக விழுந்தது. குழந்தையின் முகம் எனக்குப் பழகுவதற்கு முன்பே அவள் போய்விடுவாள். திரும்பி வரும்போது என்னைப் பார்த்து அழுவாள். இதை யாரிடம் சொல்வது? மாமனார் சரியென்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

காலடி ஓசை கேட்டது. மாமனார் அறை வாசலில் நின்றார். இந்த முறை முதுகைக் காட்டவில்லை.

"நீ என்ன சொல்றே?" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அந்த வீட்டில் அதுவரை யாரும் எதற்கும் என் அபிப்பிராயம் கேட்டதில்லை. எழுந்து உட்கார முயன்றேன், வலி விடவில்லை. படுத்தபடியே சொன்னேன்:

"குழந்தை இங்கேயே இருக்கட்டும் மாமா. டின் பால் வாங்கிண்டு வாங்கோ. நீங்க தண்ணி மட்டும் கொதிக்க வச்சுக் குடுங்கோ. அளந்து கரைக்கறதை நான் பண்ணறேன். ஒரு கையால பண்ணிடலாம்."

மாமனார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டிராம் ஏறி மவுண்ட் ரோடு போய், துரைமார் சாமான் வாங்கும் கடை ஒன்றில் நுழைந்து, இருட்டும் நேரத்தில் காகிதத்தில் சுற்றிய டின்னோடு திரும்பினார். குளிக்காமல் அதை வீட்டுக்குள் கொண்டுவந்ததே பெரிய அதிசயம். பூதக்கண்ணாடி வைத்து அதிலிருந்த இங்கிலீஷை ஒரு வரி விடாமல் படித்து, தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினார். நாத்தனார் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "சரி, ஒரு வாரம் பாக்கலாம். பகல்ல ஒரு வேளை நானே வந்து குடுத்துட்டுப் போறேன்" என்றாள். சொன்னபடி ஒரு வாரமும் மாம்பலத்திலிருந்து வந்தாள்.

அன்று இரவு இரண்டு மணிக்கு அவர் கூஜாவை என் பக்கத்தில் வைத்தார். நான் பவுடரை அளந்து போட்டேன். அவர் புட்டியைப் பிடித்துக்கொண்டார். குழந்தை குடிக்கத் தொடங்கியதும் நான் கேட்டேன்: "மாமா, அந்தக் கிணறு யாருக்குப் போச்சு?"

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"தீர்ப்பு வரச்சே கிணத்துல தண்ணியே இல்லே" என்றார். "ரெண்டு பேரும் சேர்ந்து ஆழமா வெட்டிண்டா." பிறகு இருவரும் குழந்தை அரண்டுவிடாமல் மெதுவாகச் சிரித்தோம்.

பதினைந்து நாள் கழித்து நர்ஸம்மா கொக்கித் தராசோடு வந்தாள். துணித் தூளியில் குழந்தையை மாட்டித் தூக்கி முள்ளைப் பார்த்தாள். "நல்லா ஏறிக்கீது சாமி. இந்தத் தெருவுலயே இதான் குண்டுக் கொயந்த" என்றாள். கண் பட்டுவிடுமே என்று பதறி மாமனார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். ஆனால் மறுநாள் முதல் வாசலில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம், கேட்காமலே, குழந்தையின் எடையைச் சொல்லிக்கொண்டிருந்ததும் அவர்தான்.

என் புண் ஆறியது, ஜுரம் விட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று அடையாற்றில் குடித்தனம் நடத்துகிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை சமையலறையில் நின்று, யாரோ ஒருவருடன் பேசிக்கொண்டே பேரனுக்குப் புட்டி கழுவிக்கொண்டிருந்தார். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மாமனார் செய்த காலத்தில் அது ஊருக்குத் தெரிந்தால் கேலி செய்வார்கள். தெரிந்தும்தான் போயிற்று, கேலியும் செய்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு பையன் பிறந்தான். இந்த முறை கட்டியும் இல்லை, ஜுரமும் இல்லை. குழந்தைக்கு மிஞ்சிப் பால் இருந்தது. பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் ஆன அன்று சாயங்காலம் மாமனார் வந்து நின்றார். அங்கவஸ்திரத்தின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"இவனுக்கு ராத்திரிக்கு ஒண்ணும் வேண்டாமோ?"

"வேண்டாம் மாமா. என்கிட்டயே நிறைய இருக்கு."

"நல்லதாப் போச்சு" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

எனக்குப் புரிந்தது. "பால் குடிச்சப்புறம் இவனைத் தோள்ல போட்டுத் தட்டணும் மாமா. லேசுல ஏப்பம் விட மாட்டேங்கறான். எனக்கோ தூக்கம் கண்ணைச் சுழட்டறது" என்றேன். அது முழுப் பொய். அவன் பாலைக் குடித்து வாயை எடுக்கும்போதே ஏப்பம் விடுகிற பிள்ளை.

"நான் எடுத்துக்கறேன். எப்போ வரட்டும்?"

"எழுந்தா நானே கூப்பிடறேன்."

நடுநிசியில் அவன் குடித்து முடித்ததும், வீடு முழுக்கக் கேட்கும்படி, "மாமா" என்று குரல் கொடுத்தேன். கூடத்தில் அவர் எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வரும் சத்தம் கேட்டது.