ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனவர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, மண்டைதீவு, வேலணை தாண்டிப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இறங்கினேன். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம். கடல் தூக்கிப் போட்டதில் காலையில் சாப்பிட்ட இடியப்பம் தொண்டைவரை வந்து போனது. பக்கத்தில் இருந்த பிலோமினா அக்கா தேசிக்காய் ஒன்றைத் தந்து, குமட்டல் அடங்க மணக்கச் சொன்னார். அவர் வீட்டில்தான் நான் தங்குவதாக ஏற்பாடு.

“கரைக்குப் போனால் என்ர தம்பி அன்ரனோட மட்டும் கதைக்காதேங்கோ,” என்றார்.

இப்படிச் சொன்னால் யார் சும்மா இருப்பார்? ஏன் என்று கேட்டேன்.

“ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போனவன்.”

அவர்களுடைய கத்தோலிக்க மீனவக் கிராமத்தில் ஞாயிறு ஒருவரும் வலை போடுவதில்லை. மீறியவரோடு யாரும் கதைக்கமாட்டார்கள், அவருடைய வள்ளத்தைத் தள்ளவோ இழுக்கவோ கைகொடுக்கவும் மாட்டார்கள். மாதா கோயிலடியில் எல்லாருக்கும் முன்னால் பிழை என்று அவர் சொல்லும்வரை இதுதான் நிலைமை.

“பிள்ளைக்கு வருத்தம், மருந்துக்குக் காசில்லை எண்டு போயிருந்தால் நாங்களே வள்ளத்தைத் தள்ளி விட்டிருப்பம். இவன் மற்றவையின்ர வலை கரையில கிடக்கேக்க, தான் மட்டும் அள்ளுவம் எண்டு போனவன்.”

பின்னேரம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசத் தொடங்கியது. கரையோரத் தண்ணீருக்குள் முழுக்க முருகைக்கல், கூரான பவளப்பாறை. வள்ளத்தைத் தண்ணீரில் விட்டால் விடிவதற்குள் உடைந்துவிடும். கரையேற்ற ஏழெட்டுப் பேர் வேண்டும். ஆண்கள் சேர்ந்து ஒவ்வொரு வள்ளமாக ஏற்றினார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் தனியே நின்றவர்தான் அன்ரன்.

நான் இறங்கிக் கைகொடுத்தேன். யாரும் தடுக்கவில்லை, வெளியூர்க்காரனுக்கு இந்தச் சட்டம் இல்லையாம். வள்ளமோ அசையவில்லை.

“பெண்சாதிக்கு அடிக்கிறவனோட கதைக்கினம் அண்ணை,” என்றார் அன்ரன், மூச்சு வாங்கியபடி. “மீன் பிடிச்ச என்னோட கதைக்க ஏலாதாம்.”

எனக்குச் சுருக்கென்றது. கரைக்கு வந்து, பிலோமினா அக்காவின் கணவர் சேவியரிடம் அதையே கேட்டேன். இந்த விஷயத்தில் ஊரிலேயே கண்டிப்பானவர் அவர்தான்.

“அது அவன்ர வீட்டுப் பிரச்சினை. இது எல்லாற்ற வயிறு. ஒருத்தன் போனால் அடுத்த கிழமை எல்லாரும் போகத்தான் வேணும். பிறகு ஆருக்கு ஓய்வு?”

கடவுள் பெயரை அவர் இழுக்கவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த அடிவாங்கும் பெண்ணை நினைக்கக் கோபமாகவும் இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வேலை முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்த வள்ளத்தையே பார்த்தபடி நின்றார்கள். ஒரு பெரிய அலை அதைக் கல்லில் மோதியது. சேவியர் சாரத்தை மடித்துக் கட்டினார்.

“வள்ளத்தோட எங்களுக்கென்ன கோவம்?” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார். மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள்.

வள்ளம் மணலில் ஏறியதும் எல்லாரும் திரும்பி நடந்தார்கள்.

“அத்தான்!” என்று கூப்பிட்டார் அன்ரன். சேவியர் திரும்பவில்லை. அன்ரன் ஈரத்தோடு மணலில் குந்திவிட்டார். “வள்ளத்தோட மட்டும் சமாதானமாம்,” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

வியாழன் காலை நான் திரும்பப் படகேறும்போதும் அன்ரன் மாதா கோயிலடிக்குப் போயிருக்கவில்லை. தெற்கே நகரத்தில், வெள்ளவத்தையில் நான் இருப்பது நாற்பது வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம். அங்கே நான் என்ன பிழை செய்தாலும் யாரும் என்னோடு கதைப்பதை நிறுத்தித் தண்டிக்க முடியாது. இப்போதே யாரும் கதைப்பதில்லை.