எட்டாவது டிக்கெட்

எங்கள் வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து ஊர் பார்க்கப் போனது ஒரே ஒரு முறைதான். எண்பதுகள் தொடங்கியிருந்த காலம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தேரடித் தெருவில் அப்பா வைத்திருந்த கயிற்றுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, லாரிக்குத் தார்ப்பாய் எல்லாம் விற்போம். கயிறு வாங்க வருகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். அது எனக்குத் தோதாக இருந்தது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறப்பதென்றால் எனக்கு அன்றும் வியர்க்கும், இன்றும் வியர்க்கும்.

அண்ணன் அப்படியில்லை. நன்றாகப் படித்து, பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போயிருந்தார். அந்தக் கோடையில் அண்ணியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு லீவுக்கு வந்தார். வந்த இரண்டாம் நாள், சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "இந்தத் தடவ எல்லாருமா எங்கனா போய்ட்டு வரலாம்" என்றார். அவரே இரண்டு வழி சொன்னார். ஒன்று, டாக்ஸி வைத்துக்கொண்டு பெங்களூர், மைசூர், ஊட்டி. இன்னொன்று, மெட்ராஸ் போய் அங்கிருந்து பிளேனில் பம்பாய். அவருடைய வீட்டில் தங்கிக் கடலையும் ஊரையும் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பி வருவது. கம்பெனியில் அவருக்கு ஏதோ சலுகை இருந்தது.

அப்பாவுக்குக் கார்தான் பிடித்தது. "நம்ம வாசல்ல ஏறி நம்ம வாசல்ல எறங்கலாம்" என்றார். அண்ணிக்குப் பிளேன். அம்மா எதையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

எனக்குக் கீழே ஒரு தங்கை. பத்தாவது வரை படித்தவள். செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, பம்புசெட்டில் ஷாக் அடித்து அவள் புருஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அது நடந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அம்மா கொடுமைக்காரி இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். தங்கை சாப்பிடாமல் அம்மா சாப்பிட மாட்டாள். அவள் தலை வலிக்கிறது என்றால் அம்மாவே உட்கார்ந்து தைலம் தேய்ப்பாள். ஆனால் வீட்டிலிருந்து யாராவது நல்ல காரியமாகக் கிளம்பினால் மட்டும் தங்கை எதிரே வரக் கூடாது. இதை அம்மா வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. கதவண்டை செருப்புச் சத்தம் கேட்டதும் தங்கை தானாகவே எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவாள். பழகிவிட்டது. அவளுக்கும் எங்களுக்கும்.

டாக்ஸிக்குச் சொல்லியனுப்பியதும் அதை ஓட்டும் பாய் நேரிலேயே வந்தார். ராஜகோபுரத்துக்கு எதிர் ஸ்டாண்டில் அவருடைய அம்பாசிடர் நிற்கும். அப்பாவும் அவரும் சின்ன வயதிலிருந்து பழக்கம். பிளேன் பேச்சு ஓடுகிறது என்று தெரிந்ததும் சிரித்தார்.

"நம்ம வண்டி நடுவழியில நின்னா எறங்கித் தள்ளலாம். அது நின்னா யாரு எறங்கித் தள்றது பெரியவரே?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா, கேட்டுக்கொள் என்பது போல அண்ணனைப் பார்த்தார்.

"வெடிகாலைல கோபுரத்தாண்ட கற்பூரம் கொளுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்திட்டு, மலைய ஒரு சுத்து சுத்திட்டு நேரா செங்கம் ரோடுதான். மத்தியானம் பெங்களூர்ல சாப்பாடு" என்றார் பாய்.

"எடம் பத்துமா?" என்று அப்பா கேட்டார்.

"முன்னால நானு, நீங்க, பெரிய தம்பி. பின்னால அம்மா, மருமக, சின்னத் தம்பி. புள்ளைங்க மடியில. தங்கச்சியும் தாராளமா ஒக்காரலாம். இந்த வண்டியில ஒரு கல்யாண கோஷ்டியே ஏறியிருக்குது."

அடுக்களையில் தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அவ எங்க வர்றா" என்றாள் அம்மா. "மாடு கன்னு இருக்குது. யாரு பாக்கறது?"

"மாட்ட ஓட்டியாந்து எங்கூட்ல கட்டுங்க. எங்கூட்டம்மா பாத்துக்கும்."

"எடம் பத்தாது பாய்."

இடம் இருக்கிறது என்று அவர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு காபியைக் குடித்துவிட்டு, "சரி, முடிவு பண்ணிச் சொல்லி அனுப்புங்க" என்று எழுந்தார்.

நான் வாசல் வரை போனேன். சைக்கிளை எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "தம்பி, வேணும்னா தங்கச்சி முன்கூட்டியே போய் செங்கம் ரோட்ல ஆசிரமத்தாண்ட நின்னுக்கட்டும். நான் அங்க நிறுத்தி ஏத்திக்கறேன். அப்படி நெறய பேர ஏத்தியிருக்கேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஊரில் அப்படி நடப்பது எனக்கும் தெரியும். வாசலில் கற்பூரம் கொளுத்தும்போது கண்ணில் படாமல், ஊர் தாண்டி ஒரு மரத்தடியில் பையோடு நின்று வண்டியில் ஏறிக்கொள்ளும் பெண்களை நானே பார்த்திருக்கிறேன். என் தங்கை அந்த ரோட்டில், அறை தேடி நடக்கும் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே, பையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காக நிற்பதை நினைத்துப் பார்த்தேன். உள்ளே வந்துவிட்டேன்.

அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று விளங்கியது. காரில் ஒருவரை விட்டுவிட்டுப் போவது சுலபம். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், கதவைச் சாத்துவார்கள், வண்டி கிளம்பிவிடும். நிற்கிறவர் அங்கேயே நிற்பார். அவர் விடப்பட்டார் என்றுகூட யாருக்கும் தோன்றாது.

மறுநாள் மத்தியானம் அண்ணன் பேச்சை முடிக்கப் பார்த்தார். "பிளேன்னா நான் நாளைக்கே மெட்ராஸ் போய் டிக்கெட் எடுக்கணும். எத்தன பேருன்னு இப்பவே சொல்லுங்க. ஆளுக்கு ஒரு சீட்டு. இடுக்கிக்கிட்டு ஒக்கார்றதெல்லாம் அங்க கெடையாது."

அம்மா விரல் மடக்கினாள். அப்பா, தான், அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இரண்டு, நான். "ஏழு" என்றாள்.

"எட்டு" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எட்டாவது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அம்மாதான் பேசினாள். "அவ வர வேணாம்னு நான் சொன்னனா? எனக்கு மட்டும் ஆச இல்லயா? புள்ளைங்கள வச்சுக்கினு அவ்ளோ தூரம் போறோம். கெளம்பற நேரம்னு ஒண்ணு இருக்குதே."

"பிளேன் என்ன நம்ம வாசல்லேந்தா கெளம்புது?" என்றார் அண்ணன். "மீனம்பாக்கத்துலேந்து கெளம்புது. நூறு பேரு ஏறுவாங்க. அதுல யாரு யாருக்கு எதிர்ல வந்தாங்கன்னு எந்தக் கணக்குல சேக்கறது?"

"மெட்ராஸுக்கு?"

"பஸ்ஸு."

அம்மா யோசித்தாள். அவளுடைய கணக்கு எனக்குத் தெரியும். வாடகைக்கு எடுத்தாலும் கார் நம்முடையது. நம் வாசலில் நிற்பது, நம் நேரத்துக்குக் கிளம்புவது. அதற்குச் சகுனம் உண்டு. பஸ் நம்முடையது இல்லை. நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது போகும். பஸ்ஸுக்கு எங்கள் ஊரில் யாரும் சகுனம் பார்த்ததில்லை.

"பஸ்ஸு கவர்மெண்டுது" என்று கடைசியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். அவ முன்னாடி போய் எடம் போடட்டும்" என்றாள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பாய் கிட்ட நான் சொல்லிக்கறேன். மாட்டயும் அவரு வூட்லயே கட்டிக்கலாம்."

அன்று சாயங்காலம் கொல்லையில் தங்கை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"வர்ற இல்ல?" என்றேன்.

"எட்டுன்னு சொல்லிட்டு இப்ப வந்து கேக்கறியா?"

மாடு குடித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"மேல போயி ஏதாச்சும் ஆச்சுன்னா என்னத்தான் சொல்லுவாங்க, அண்ணா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சொல்றதுக்கு யாரு இருக்கப் போறோம்" என்றாள். சிரித்தாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவளும் பாதி நம்பினாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு வருஷமாக ஒருவரை உள்ளே போக வைத்தால், உள்ளே போக வேண்டியவள்தான் என்று அவளுக்கே தோன்றிவிடும் போலிருக்கிறது.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் தங்கை நாலு துண்டும் ஒரு பையும் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, தெருவில் இரண்டு பக்கமும் பார்த்து, எங்களைக் கிளப்பினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸுக்குள்ளிருந்து கண்டக்டரின் குரல் கேட்டது.

"ஒரு ஆளுக்கு எட்டு சீட்டா? பஸ்ஸயே வாங்கிட்டியாம்மா?"

"ஏழுதான் போட்டிருக்கேன். எட்டாவதுல நான் ஒக்காந்திருக்கேன், கண்ணு தெரியலயா?"

அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மூட்டையை மேலே ஏற்றப் போய்விட்டேன்.

மீனம்பாக்கத்தில் பார்த்ததெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. அங்கிருந்த இங்கிலீஷ் பலகைகளைப் படிக்கத் தெரியாத கூச்சத்தில் அண்ணன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். வெயிலில் தரை கொதித்தது. ஏணி போன்ற படியில் ஏறியபோது அம்மா முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே இருக்கைக்கு நம்பர் போட்டிருந்தது. அண்ணன் துண்டுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து உட்கார வைத்தார். பிள்ளைகள் இரண்டும் தங்கையும் முன் வரிசையில். அவர்களுக்கு நேர் பின்னால் அப்பா, அம்மா, நான். மாற்றி உட்காரலாமா என்று அம்மா கேட்டாள். நம்பர் பிரகாரம்தான் உட்கார வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அது நிஜமா, அவராகச் சொன்னதா, தெரியாது.

பணிப்பெண் வந்து அம்மாவுக்கு இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டாள். நான் என்னுடையதை இழுத்துப் பார்த்தேன். நல்ல நெசவு. நாலு மூட்டை தாங்கும்.

வேகமாக ஓடி அது தரையை விட்டபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டு அருணாசலா என்று சொல்லத் தொடங்கினாள். சின்னப் பிள்ளை காது வலிக்கிறது என்று அழுதான். நாங்கள் எப்படி இருக்கிறோமோ என்று தங்கை முட்டி போடாத குறையாக உடம்பை முறுக்கித் திரும்பி, இருக்கைகளின் இடுக்கு வழியாக எங்களைப் பார்த்தாள். அதே நேரத்தில் அம்மா கண்ணைத் திறந்தாள். கிளம்புகிற நேரம், நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில் தங்கையின் முகம்.

அப்பாவின் கை அம்மாவின் கை மேல் போனது.

அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "முன்னாடி பாத்து ஒக்காருடி" என்றாள். "தலய சுத்தும்."

பம்பாயில் இறங்கி, கூட்டத்தில் பெட்டிகளுக்காக நின்றோம். கடல் பார்த்தோம். பெரிய கட்டடங்கள் பார்த்தோம். பார்த்ததில் பாதி மறந்துவிட்டது. ரயிலில் திரும்பி வந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு எதிர் வீட்டு அம்மாள் தங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏரோப்ளேன் எப்படிடி இருந்துச்சு?"

"எல்லாரையும் வாரு போட்டுக் கட்டிட்டாங்க" என்றாள் தங்கை. "யாரும் எழுந்து உள்ள போவ முடியல."

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

எல்லாம் அன்றோடு மாறிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். செருப்புச் சத்தம் கேட்டால் தங்கை கொல்லைக்குப் போவது நிற்கவில்லை. அம்மாவும் போகாதே என்று சொல்லவில்லை. வருஷம் ஒன்று போனது.

அடுத்த தை மாதத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போளூர்ப் பக்கம் கிளம்பினோம். வாசலில் கார் வந்து நின்றது. வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்மா முன்னால் நின்றாள். தங்கை வழக்கம் போல எழுந்து போயிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கப் போனேன். அம்மா என் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"தங்கச்சி கிட்ட சொல்லிட்டு வா" என்றாள்.

அப்பா காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனேன். தங்கை துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனாள்.

"போய்ட்டு வர்றேன்" என்றேன். "அம்மா சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

அவள் அப்படியே நின்றாள். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"போ போ, சீக்கிரம் போ" என்றாள். "ராகு காலம் வந்துடப் போவுது."