பால்வாசமும் நாலு முழம் மல்லிகையும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் கிருஷ்ணகிரியில் விலங்கியல் வேறு படித்தேன். பாலூட்டிகளைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நானும் ஒரு பாலூட்டி என்பது பையன் பிறக்கும்வரை உறைக்கவில்லை.

பிரசவம் பர்கூர்ப் பக்கம் அம்மா வீட்டில். காதில் பஞ்சு வை என்று அம்மா சொன்னால் காரணம் கேட்டேன். பத்தியம் என்றால் பாடம் நடத்தினேன். ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போ என்றதற்கு மூன்றாம் மாதமே பையைக் கட்டினேன். அதன்பிறகு அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு, ஒரே அறை. வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். நான் வந்து இறங்கிய அன்றே தன் பாயைக் கதவோரம் போட்டுக்கொண்டார். பையன் மிதிபடுவான் என்று காரணம் சொன்னார். அடுத்து, யாரும் விரும்பாத நைட் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் வந்து பையனைக் கொஞ்சுவார். என்னிடம் காபி டம்ளரை வாங்கும்போது விரல்கூடப் படாது.

உண்மையில் எனக்கும் ஆசை என்று ஒன்று இல்லை. நாள் முழுக்க ஒருவன் என் உடம்பில் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் தூங்கிவிட்டால், இனி யாரும் தொடாமல் இருந்தால் போதும் என்றிருக்கும். மார்பு கல்லாகக் கனக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால்கூட என் ரவிக்கை நனையும். தையல் போட்ட இடம் வறண்டு எரியும். அவர் கேட்டால் நோகாமல் மறுப்பதற்கு நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. அதுதான் பொறுக்கவில்லை. மறுக்கும் கௌரவத்தைக்கூட எனக்குத் தராத மனிதர்.

என்மேல் புளித்த பால் வாசம் எனக்கே அடித்தது. அவருக்கு நான் அலுத்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் என் கற்பனையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் அவர் லேத்தைச் சுற்றி நடந்தார்கள்.

ஒரு காலை, அவர் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு முன், நாலு முழம் மல்லிகை வாங்கினேன். முடி கொட்டி எலிவாலாகியிருந்த பின்னல் அரை முழத்துக்குமேல் தாங்கவில்லை. மிச்சத்தைத் தட்டில் வைத்து, கிழிந்த வேட்டித் துண்டை நனைத்து மூடினேன். பக்கத்து வீட்டு அக்கா, ஜூஜுவாடியில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி, எட்டிப் பார்த்து, “அதுக்குள்ள நிறுத்தறியா?” என்றார். எதை என்று கேட்காமல் வெட்கத்தோடு சிரித்து வைத்தேன்.

அவர் வந்தார். தலையிலிருந்த பூவைக் கவனிக்கவில்லை. தட்டிலிருந்த பூவையும் துணியையும் பார்த்தவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பால வத்த வெக்காத,” என்றார். “எனக்காவ அவன் வயித்துல அடிக்காத. நான் இருந்துக்கறேன்.”

எங்கள் பக்கம் பால் நிறுத்த வேண்டுமென்றால் மல்லிகையை மாரில் வைத்துக் கட்டுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து மறந்துபோயிருந்தேன்.

உங்களுக்காக என்றால் என்ன என்று கேட்டேன். மெல்ல மெல்ல வந்தது. அம்மா சித்தப்பாவிடம் சொல்ல, அவர் பர்கூர் பஸ் நிறுத்தத்தில் இவரைத் தனியே கூப்பிட்டு, பால் கொடுக்கிறவளை நெருங்கினால் பால் திரிந்து பிள்ளைக்குப் பேதியாகும், அவன் நடக்கும்வரை தள்ளியிரு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தன்மேல் நம்பிக்கையில்லாமல் இவர் நைட் ஷிப்டுக்கு ஓடியிருக்கிறார். என்னிடம் பேச்சை நிறுத்திய அம்மா, வேலையை நிறுத்தவில்லை.

எனக்கு வந்த நிம்மதியில் வகுப்பே எடுத்தேன். சுரப்பி, ரத்தம், ஹார்மோன். தட்டோடு நின்று கேட்டார்.

“அப்ப திரியாதா?”

“திரியாது.”

முகம் மலர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் நான் எந்த இடத்தில் வந்து நிற்கிறேன் என்பது புரிந்தது. தயார் செய்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

“ஆனா எனக்கே இப்ப தோணலைங்க. எரியுது. உங்க மேல வெறுப்பில்ல. கொஞ்ச நாள் போவட்டும்.”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “இதுக்கா இத்தினி நேரம் பாடம் நடத்தின? உங்கம்மா ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டாங்க.”

அம்மா சொன்னது பயம், நான் சொல்வது வேறு என்று விளக்க வாயெடுத்தேன். பையன் சிணுங்கினான். என் ரவிக்கை முந்திக்கொண்டு நனைந்தது. அவர் சிரித்துவிட்டார், நானும்.

“பக்கத்துல படுக்கலாம் இல்ல? அதுக்கு எதனா தடையா?”

தடையில்லை என்றேன். பாயைக் கதவோரத்திலிருந்து இழுத்து வந்தார். நடுவில் பையன் பால் குடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி அவர் கை, மெஷின் எண்ணெய் வாசத்தோடு, என் முழங்கைமேல் வந்து கிடந்தது. எடுக்கச் சொல்லத் தோன்றவில்லை. அவர் குறட்டை விடத் தொடங்கிய பிறகு, அந்த நல்ல வாக்கியங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.