காந்தத்தில் வைத்த மிளகாய் விதை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் வாட்ச்மேன் ஒல்லியான ஆள். மொட்டைமாடியில் வாளிகளில் செடி வளர்ப்பார். உப்புக்காற்றைத் தாங்கட்டும் என்று விதைகளைப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் மேல் ஒரு நாள் வைத்து நடுவார். பாதியை மட்டும்தான் வைப்பார். மற்றப் பாதி ஒப்பிட்டுப் பார்க்க.

அம்மா செத்த மாதம், அம்மா காயவைத்திருந்த மிளகாய் விதைகளை அவரிடம் கொண்டுபோனேன்.

"பாதியைப் பிரிச்சு வைப்பம், பிள்ளை."

"அம்மான்ர விதையில டெஸ்ட் பண்ணாதேங்கோ அண்ணை! எல்லாத்தையும் வையுங்கோ."

எல்லாவற்றையும் காந்தத்தில் வைத்தார்.

ஏழு முளைத்தது. காற்றில் நாலு கருகியது.

"காந்தம் வைக்காட்டி மிச்ச மூண்டும் போயிருக்கும், என்ன அண்ணை?"

"எனக்கெப்பிடித் தெரியும் பிள்ளை? ஒப்பிட ஒண்டும் வைக்கேல்லையே."

சொல்லிவிட்டுத் தன் குடையை விரித்து, கடல் பக்கமாகச் செடிகளுக்கு மறைவு பிடித்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. நான் அழுதபடி கீழே இறங்கிவிட்டேன்.