என்டர் தட்டாத வாக்கியம்

எழுதித் தேடுகிற அந்தக் கட்டத்தை வடிவமைத்தது நாங்கள் இரண்டு பேர். நான் திரையை வரைந்தேன், அவள் அதை ஓட வைத்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய பாக்டரிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. போனில் இணையம் பார்ப்பதற்கான பிரவுசர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மொத்தம் பதினொரு பேர். அதில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டும் என்பதால் முதல் வாரத்திலேயே ஒரே டப்பாவில் சாப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

அவள் ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் கரூரிலிருந்து வேலைக்காக வந்து திருவேற்காட்டில் ஒரு பிளாட்டில் குடியிருந்தேன். எனக்கு டெங்கு வந்தபோது ஐந்து நாளும் காலையில் ஸ்கூட்டரில் கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் ஆபீஸ் போனாள். ஊரிலிருந்து என் அக்கா வந்து சேர்வதற்குள் எனக்குக் காய்ச்சலே விட்டுவிட்டது. இதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததைச் சொன்னால் அது பாதிதான்.

எங்கள் பிரவுசரில் முதலில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் இணைய முகவரியை எழுத வேண்டும், இன்னொன்றில் தேட வேண்டியதை. மற்ற பிரவுசர் கம்பெனிகள் எப்போதோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. எங்கள் முதலாளிதான் தனித்தனியாக இருந்தால்தான் தெளிவு என்று பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்தை உடைத்தவர் என் பிளாட்டின் கீழ்வீட்டு அக்கா. எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். காலையில் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம். ஒருநாள் அவர் கையில் எங்கள் பிரவுசரைக் கொடுத்து, எது வேண்டுமோ தேடுங்கள் என்றேன். அவர் முகவரிக் கட்டத்தில் ‘ஆவடி பல்லு டாக்டர்’ என்று எழுதினார். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

“இன்னாமா இது, ஆவடியே இல்லன்ற மாதிரி சொல்லுது. நான் இன்னா தப்பு பண்ணேன்?”

அந்தக் கேள்வியை அப்படியே முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்துவிட்டு, சரி, ஒன்றாக்குங்கள் என்றார்.

ஒன்றாக்குவது, பார்ப்பவர்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை. ஒருவர் எழுதியது முகவரியா, கேள்வியா என்பதை அந்தக் கட்டமேதான் முடிவு செய்ய வேண்டும். நடுவில் இடம் விட்டு எழுதினால் கேள்வி. புள்ளி வைத்து, இடம் விடாமல் எழுதினால் முகவரி. புள்ளிக்குப் பிறகு தவறிப்போய் இடம் விட்டால்? ஒரே சொல்லை எழுதினால்? இதற்காக வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். ‘மா’ என்று தொடங்கியதுமே கட்டம் தானாக ‘மாங்காடு’ என்று நிரப்பியபோது, போனில் வேறு யாரோ எழுதுவதாக நினைத்துக் கீழ்வீட்டு அக்கா அதைக் கீழே வைத்துவிட்டார். மறுநாளே அப்படித் தானாக நிரப்புவதை எடுத்துவிட்டோம். எழுதுகிறவர் எழுதியது எதுவோ அதுதான் எப்போதும் முதல் வரியில் நிற்க வேண்டும், நம் யூகமெல்லாம் அதற்குக் கீழேதான் என்று விதி வைத்தோம்.

இன்னொரு விதி அவள் கொண்டுவந்தது. இந்த மாதிரிக் கட்டங்களில் நாம் எழுதும் ஒவ்வொரு எழுத்தும், என்டர் தட்டுவதற்கு முன்பே, எங்கோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்துதான் ‘இதுவா, இதுவா’ என்று யூகங்கள் திரும்பி வரும். அவள் அது வேண்டாம் என்றாள்.

“போன்லயே ஒரு சின்ன பட்டியல் வெச்சுக்கலாம்டி. ஒரு பொம்பள இன்னா எழுதறா, இன்னா அழிக்கறான்னு நமக்கு இன்னாத்துக்கு தெரியணும்?”

அன்று எனக்கு அவள் மேல் அவ்வளவு பெருமை. அந்த விதியை முதல் திரையில் ஒரே வாக்கியமாக எழுதும் வேலை எனக்கு வந்தது. நான்கு நாள் எழுதி எழுதிப் பார்த்தேன். ‘நீங்கள் என்டர் தட்டும்வரை, எழுதுவது எதுவும் இந்தப் போனை விட்டு வெளியே போகாது.’ அவள் வாய்விட்டுப் படித்துவிட்டு, “சூப்பர்டி. எங்கம்மாக்கே புரியும்” என்றாள்.

வெளியிடுவதற்கு முன் தெரிந்தவர்கள் முப்பது பேரின் போனில் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. எங்கள் பிளாட் கட்டடத்தில் ஆறு போன்களில் நானே போட்டேன். கீழ்வீட்டு அக்காவைத் தவிர மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் என்னைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்கள். கீழ்வீட்டு அக்கா அந்த வாக்கியத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“அப்ப எழுதிட்டு அழிச்சுட்டா போய்டுமா?”

“போயிடும்க்கா. என்டர் தட்டலைன்னா யாருக்கும் தெரியாது.”

ஒரு திங்கட்கிழமை காலை மீட்டிங் வைத்தார்கள். முதலாளி, எங்கள் ஆட்களில் சிலர், வேறொரு கம்பெனியிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் என்று மொத்தம் எட்டுப் பேர். கட்டத்தைப் பற்றி நான் பேசி முடித்ததும், “இன்னொண்ணு இருக்கு, அதை இவங்க காட்டுவாங்க” என்று முதலாளி அவளைக் கூப்பிட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் என் பக்கம் பார்க்காமல் எழுந்து போனாள்.

“தேடினது எல்லார்கிட்டயும் இருக்கு சார். தேட வந்து பாதியில விட்டது நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு” என்றாள்.

புரொஜெக்டர் வழியாகச் சுவரில் வரிசையாக எழுத்துகள் வந்தன. யாரோ என்டர் தட்டாமல் அழித்தவை. பெயர் இல்லை, ஊர் மட்டும் இருந்தது. நாலைந்து காட்டிவிட்டு, திருவேற்காடு என்று இருந்த ஒன்றைத் திறந்தாள். எழுதியவர் எழுதிய வேகத்திலேயே அது சுவரில் வளர்ந்தது.

ஊ
ஊட்ட
ஊட்ட உட்டு
ஊட்ட உட்டு போனா
ஊட்ட உட்டு போனா புள்ள யாருக்கு

அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் குறைந்து, கட்டம் காலியானது.

“இது எந்த ஊர் தமிழ்?” என்று வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அவளும் புன்னகைத்தாள்.

திருவேற்காட்டில் அந்த ஆறு போன்கள்தான். அதில் ‘வீடு’ என்பதைப் பேசுகிற மாதிரியே ‘ஊடு’ என்று எழுதுகிறவர் ஒருவர்தான். மூன்று வருடம் ஒரே ஆட்டோவில் போயிருக்கிறோம். அவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நான் ஏழு பேரோடு உட்கார்ந்து சுவரில் படித்தேன்.

மீட்டிங் முடிந்ததும் மாடிப்படியில் அவளை நிறுத்தினேன்.

“எப்பலேருந்து இது?”

“மொதல்லேருந்தே.” கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “சார் அப்பவே எல்லாத்தையும் எடுத்து வெக்க சொன்னாருடி. வேலைல கீறேன், நான் இன்னா பண்ண முடியும்?”

“அப்ப நான் எழுதின வாக்கியம்?”

“அது இருந்தாத்தான் மனசு வுட்டு எழுதுவாங்கன்னாரு. நான் எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. நீ எழுதினது நம்பற மாதிரி இருந்துச்சு.”

“தெரிஞ்சுகிட்டேதான் படிச்சுட்டு சூப்பர்னியா?”

அவள் படியிறங்கப் பார்த்தாள். நான் நகராமல் நின்றதும், “உன்கிட்ட சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்ப. அதான் சொல்லல. பேரு எதுவும் இல்லடி அதுல. யாருன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள்.

“எனக்குத் தெரியும்.”

அப்போதுதான் நிமிர்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. “யாருடி?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் சொல்லவில்லை. அவளிடம் நான் மறைத்த முதல் விஷயம் அதுதான்.

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். டெஸ்ட்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்டுவிட்டு, சரி என்றார். மதியம் அவளிடமிருந்து ‘அழிச்சுட்டேன்’ என்று மெசேஜ் வந்தது. அழித்தது எங்கேயும் போகாமல் இருப்பதை அன்று காலையில்தான் சுவரில் பார்த்திருந்தேன். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மறுநாள், ஒரு மாதத்தில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன்.

கீழ்வீட்டு அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் அப்படி இருந்தால் நானும் மாடிப்படியில் நின்றவளும் ஒன்றுதான் என்று தோன்றியது. அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் அவர் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

“எத்தினி பேரு படிச்சாங்க?”

“என்னையும் சேர்த்து எட்டுப் பேர்.”

“ஆம்பளைங்களா?”

“ஆறு பேர்.”

“சிரிச்சாங்களா?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. “ஒருத்தர் சிரிச்சார்” என்றேன்.

மகளின் யூனிபார்மை மடித்து, தோளில் போட்டுக்கொண்டார். “அழிச்சா போய்டும்னு நீதானமா சொன்ன?”

“எனக்கே தெரியாதுக்கா.”

“தெரியாதுன்னா இன்னாத்துக்கு சொன்ன?”

அவர் போனை நீட்டி, “எடு அத்த” என்றார். பிரவுசரை எடுத்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். கொடியில் பாதித் துணி கிடக்க, இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு முன்னாலேயே கிளம்பி வேறு ஆட்டோவில் போக ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நீதான் பாத்துட்டியே. இனிமே உன்கிட்ட மறைக்க இன்னா கீது? புள்ள யாருக்குன்னு விசாரிச்சு சொல்லு.”

எனக்குத் தெரியவில்லை. பூந்தமல்லி கோர்ட்டில் இலவசமாகச் சட்ட யோசனை சொல்வார்கள் என்று விசாரித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார். யாருக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது, குழந்தைக்கு எது நல்லதோ அதைத்தான் கோர்ட் பார்க்கும் என்றார். “போகும்போது குழந்தையையும் கூட்டிகிட்டே போகலாம்மா. அதுக்காக உங்களை யாரும் திருடின்னு சொல்ல மாட்டாங்க.” அக்கா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அடுத்த மாதம் மகளோடு வானகரத்தில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துப் போய்விட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. மகள் அவரிடம்தான் இருக்கிறாள். நான் போனால் டீ போட்டுக் கொடுக்கிறார். ஒருமுறை தங்கையிடம், “நல்ல பொண்ணுதான் இது. ஆனா இது சொன்னத நம்பி மாட்டிக்கினேன்” என்று என் எதிரிலேயே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

பிரவுசர் வெளிவந்தது. கட்டம் நாங்கள் வரைந்தபடியேதான் இருக்கிறது. என் வாக்கியம் இருந்த இடத்தில், உங்கள் அனுபவத்தை மேம்படுத்தச் சில தகவல்களைப் பயன்படுத்துகிறோம் என்று ஏதோ போட்டிருக்கிறார்கள்.

அவளை ஒருமுறை அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, “சாப்டியாடி?” என்று கேட்டாள். பழைய குரல் அப்படியே இருந்தது. சாப்பிட்டேன் என்றேன். நான் சாப்பிட்டிருக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.